கிங்ஸ்லி அரெஸ்ட்

கிங்ஸ்லி கடைசியாகப் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் மனைவி டார்லினிடம் சொன்னது இரண்டே விஷயம். கப்பலில் எதுவும் சரியில்லை என்றான். பிறகு, "அப்பாட்ட சொல்லு, அந்த டீசல் விஷயத்துல நான் கை வைக்கலன்னு" என்றான்.

டார்லின் அதை மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? முந்தைய கப்பலில் டீசலைத் திருடி விற்ற கும்பலோடு கிங்ஸ்லியின் பெயரும் அடிபட்டதிலிருந்து, மகன் பேச்சை எடுத்தாலே தேவசிகாமணி எழுந்து வெளியே போய்விடுவார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். லஞ்சத்துக்குக் கை நீட்டாமல் வேலை பார்த்தேன் என்பதைத் தவிர அவருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை. மகன் இந்தக் கப்பலில் வேலைக்குப் புறப்பட்ட அன்றுகூட அவர் வாசலுக்கு வரவில்லை.

அந்த வீட்டில்தான் அன்று காலை அந்தச் செய்தி வந்து விழுந்தது.

டார்லின் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாதி பின்னிய சடையோடு போனை எடுத்துப் பார்த்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அனுப்பியவன் கோ மின். கிங்ஸ்லியோடு எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் பர்மாக்காரப் பையன். அவனுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைதான் வரும் என்று கிங்ஸ்லி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

"சிஸ்டர்... கிங்ஸ்லி அரெஸ்ட். வெரி சாரி சிஸ்டர். ப்ரே."

பின்னால் ஒரே இரைச்சல். அதோடு அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. கிங்ஸ்லியின் எண்ணுக்கும் கிடைக்கவில்லை. மறுபடியும் பதிவை ஓடவிட்டாள்.

அடுக்களையிலிருந்து மாமியார் சாரம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, மொகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

அதற்குள் முன்னறையில் இருந்த தேவசிகாமணியின் காதில் அந்தச் சொல் விழுந்துவிட்டது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? அரெஸ்ட்டுன்னா அரெஸ்ட்டுதான். ஆயுசு பூரா நான் எழுதுன வார்த்த."

"என்ன சொல்லுதிய? யார அரெஸ்ட்?" சாரம்மாள் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள்.

"ஒம் மவனத்தான். பிடிச்சிட்டாவ."

கரண்டி தரையில் விழுந்தது. சாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கர்த்தரே... எந்த ஊருன்னு கேளுங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச பெரிய ஆபீசர்மாரு இருக்காவள்லா. யார்ட்டயாவது ஒரு வார்த்த கேளுங்க."

"எவன்ட்ட போயி கேக்கச் சொல்லுத? எம் மவன் களவாண்டு மாட்டிக்கிட்டான், கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னா? ஸ்டேஷன்ல எத்தன அப்பன்மாரு எம் முன்னால வந்து அழுதிருக்கான். எம் பிள்ள அப்படிப்பட்டவன் இல்லய்யான்னு எத்தன பேரு கையப் பிடிச்சிருக்கான். ஒருத்தனுக்கும் நான் எளகல. இப்ப எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"மாமா, அவிய டீசல எடுக்கல" என்றாள் டார்லின். "போன வாரமே ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாவ. நாந்தான் பயந்துக்கிட்டுச் சொல்லல."

தேவசிகாமணி அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"பிடிபடுததுக்கு முன்னால எல்லாவனும் அப்படித்தாம்மா சொல்லுவான்."

முன்னறைக்குப் போய் மறுபடியும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். பக்கம் புரளவில்லை.

டார்லின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கிங்ஸ்லியைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்ட் மகேஸ்வரனின் அலுவலகம் தூத்துக்குடியில் இருந்தது. அங்கே கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அத்தே, நான் தூத்துக்குடிக்குப் போறேன்."

"இரு, நானும் வாரேன்." சாரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

பாளை பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து சாரம்மாளின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன. டார்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளிநாட்டுச் சிறை என்றால் எப்படி இருக்கும்? அடிப்பார்களா? தமிழ் தெரிந்த ஒரு ஆளாவது இருப்பானா? கிங்ஸ்லிக்கு வெயில் ஆகாது. பசி தாங்க மாட்டான். சாப்பாடு தாமதமானால் சின்னப் பிள்ளைபோல முகம் சுருங்கிவிடும். அந்த முகத்தைக் கம்பிகளுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

மகேஸ்வரனின் அலுவலகம் பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு மாடியில். இவர்கள் ஏறிப் போனபோது அவர் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்திருந்தார். டார்லினைப் பார்த்ததும் இரண்டையும் கீழே வைத்தார்.

"வாங்கம்மா. காலையில இருந்து கப்பல்காரங்க வீட்டு ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அதான் ஒங்க போன எடுக்க முடியல."

டார்லின் பதிவை ஓடவிட்டாள். அவர் குனிந்து கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தே விட்டார்.

"இதுக்கா இப்படிப் பதறி வந்திய? கிங்ஸ்லிய இல்லம்மா, கப்பலத்தான் அரெஸ்ட் பண்ணியிருக்காங்க."

சாரம்மாளுக்கு விளங்கவில்லை. "கப்பலயா? அத எப்படிய்யா அரெஸ்ட் பண்ணுவாவ? அதுக்கு வெலங்கு எங்கன மாட்டுவாவ?"

"வெலங்கெல்லாம் இல்ல, அம்மா. கப்பல் மொதலாளி எண்ணெய் போட்டவனுக்குப் பாக்கி வச்சிட்டான். அவன் அந்த ஊர் கோர்ட்டுக்குப் போயிட்டான். கோர்ட்டு ஆளுங்க வந்து கப்பல்ல ஆர்டர ஒட்டிட்டுப் போயிட்டாங்க. தீர்ப்பு வரும்வரைக்கும் கப்பல் நகரக் கூடாது, ஆளுங்களும் எறங்கக் கூடாது. இதுக்கும் பேரு அரெஸ்ட்டுதான். ஓமான்ல கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கி."

"அப்ப அவிய மேல கேஸ் ஒண்ணும் இல்லயா?" என்றாள் டார்லின்.

"ஒரு கேசும் கெடையாது. எஞ்சின் ரூம்ல வேர்த்துக்கிட்டு, சம்பளம் எப்ப வரும்னு ஒக்காந்திருப்பான்."

சாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதாள். டார்லினுக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இனிமே ஏதும்னா எனக்குத் தகவல் வருமா அண்ணாச்சி?"

மகேஸ்வரன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒங்க நம்பர் இதுல இல்லையே தங்கச்சி. ஒங்க மாமனார் சாரோட நம்பர்தான் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துன்னு கிங்ஸ்லிட்ட நான் சொல்லத்தான் செஞ்சேன். வேண்டாம் அண்ணாச்சின்னுட்டான். எங்க அப்பா எங்கூட பேசாட்டாலும், ஒரு ஆபத்துன்னா போன எடுத்துருவாவன்னான்."

சாரம்மாள் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் டார்லின் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, அவியள இல்ல. கப்பலத்தான் அரெஸ்ட் பண்ணியிருக்காவளாம். மொதலாளி பாக்கி வச்சதுக்கு. அவிய மேல ஒரு தப்பும் இல்லயாம்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கப்பலயா?" என்றார் தேவசிகாமணி.

"ஆமா மாமா."

"அப்ப... அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வாங்க." போனை வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சாரம்மாள் வேறு ஆளாகியிருந்தாள். அவன் வந்ததும் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க வேண்டும் என்றாள். அப்பனையும் மகனையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்ற வேண்டும் என்றாள். "ஒங்க மாமா மனசு இப்ப எளகியிருக்கும் பாரு. வெளியில காட்ட மாட்டாவ, உள்ளுக்குள்ள அந்தப் பிள்ளதான் அவியளுக்கு உசுரு." டார்லின் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பள யாரு? அந்தக் கேள்வி மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வல்லநாடு தாண்டி, ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது போன் அதிர்ந்தது. கோ மின்தான். இந்தத் தடவை பதிவு நீளமாக இருந்தது. காதோடு அழுத்தி வைத்துக் கேட்டாள்.

அவன் அழுதுகொண்டே பேசினான். வார்த்தைகள் துண்டுதுண்டாக வந்தன; டார்லின்தான் அவற்றைக் கோத்துப் புரிந்துகொண்டாள். கப்பலில் எண்ணெய் தீர்ந்துவருகிறது. எஞ்சின் அறையில் காற்றாடி ஓடவில்லை. ஒரே சூடு. நேற்று சாயங்காலம் ஜெனரேட்டர் பக்கத்தில் கிங்ஸ்லி விழுந்துவிட்டான். ஹார்ட். ஹார்ட் அரெஸ்ட். மூச்சு இல்லை. நாங்கள் நெஞ்சை அழுத்தினோம், அழுத்திக்கொண்டே இருந்தோம். மூச்சு வந்தது. கோர்ட் அனுமதி வாங்கிப் படகு வர விடிந்துவிட்டது. இப்போது கரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ரத்தக் குழாய் அடைப்பைத் திறக்க வேண்டும். வீட்டுச் சம்மதம் கேட்டு டாக்டர்கள் அவன் அப்பாவைக் கூப்பிட்டார்களாம்.

கடைசி வாக்கியத்தை அவன் இரண்டு முறை சொன்னான்.

"ஃபாதர் சே நோ, சிஸ்டர். வொய் ஃபாதர் சே நோ?"

டார்லின் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி? கிங்ஸ்லியா பேசுதான்? இங்க தா, நானும் பேசுதேன்." சாரம்மாள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல? "இல்ல அத்தே... கூட வேல பாக்குத பையன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமனாரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் எண் அவளுக்குத் தெரிந்து அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சாரம்மாளின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தேவசிகாமணி சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் மேசையில் இருந்தது. அதைத் தொட பயந்தவர்போலக் கைகளை மடியில் வைத்திருந்தார்.

"மாமா, காலையில ஒங்களுக்கு என்ன போன் வந்துது?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துல வந்துது. வெளிநாட்டு நம்பர். ஒரு பொம்பள. இங்கிலீஷ் வேகவேகமாப் பேசுனா. நீங்க கிங்ஸ்லி அப்பாவான்னு கேட்டா. ஆமான்னேன். அரெஸ்ட்டுன்னா. அதுக்குப் பொறவு, குடும்பத்துச் சம்மதம் வேணும், சம்மதிக்கியளான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஜாமீனுக்குத்தான் கேக்காவன்னு நெனச்சேன்." அவர் மேசையையே பார்த்துச் சொன்னார். "நான் போலீஸ் ஆபீசர், சம்மதிக்க மாட்டேன், ஒங்க சட்டம் என்ன சொல்லுதோ அதச் செய்யுங்கன்னேன். மறுபடியும் கூப்பிட்டா. நம்பர பிளாக் பண்ணிட்டேன்."

"ஆஸ்பத்திரின்னு அவ சொல்லலயா மாமா?"

"சொன்னா." அவர் குரல் இறங்கிப்போனது. "சொல்லத்தான் செஞ்சா. கைதிய கோர்ட்டுக்குக் கொண்டுபோவதுக்கு முன்னால நாங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவோம். அப்படித்தான்னு நெனச்சிட்டேன். அரெஸ்ட்டுங்குத வார்த்தைக்குப் பொறவு எதுவும் எனக்குக் காதுல ஏறல."

"அவியளுக்கு நெஞ்சு நின்னு போச்சு மாமா." டார்லின் கத்தினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "இருதயம் நின்னா அதுக்கும் அரெஸ்ட்டுன்னுதான் சொல்லுவாவ. அடைப்பத் தெறக்கதுக்குத்தான் ஒங்ககிட்ட கேட்டிருக்காவ!"

தேவசிகாமணி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

சாரம்மாள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை. கணவனின் எதிரே வந்து நின்றாள்.

"பெத்த பிள்ளய வேண்டாம்னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டியளா?"

அவர் மேசையில் தலையை முட்டிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

டார்லின் அவர் போனைப் பிடுங்கி, அந்த எண்ணைத் தேடி எடுத்தாள். கூப்பிட்டால், இந்த இணைப்பில் வெளிநாட்டு அழைப்பு வசதி இல்லை என்று பதிவுசெய்த குரல் சொன்னது. அவள் போனிலும் அதே குரல். மகேஸ்வரனைக் கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

"கம்பெனிக்காரன் எனக்கு ஒரு வார்த்த சொல்லலயேம்மா... நம்பரச் சொல்லுங்க. லைன வைக்காதிய, நான் இங்கேருந்து கூப்பிட்டுச் சேத்துவிடுதேன்."

சேர்த்துவிட்டார். முதலில் அரபியில் ஒரு குரல். பிறகு ஒரு இசை, அது முடிவில்லாமல் ஓடியது. தேவசிகாமணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். போனை வாங்கிக் காதில் வைத்து, மேலதிகாரியின் முன்னால் நிற்பதுபோல விறைத்து நின்றார். ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், ஐ ஆம் ஃபாதர். கிங்ஸ்லி ஃபாதர். ஐ அக்ரீ. ஃபுல் அக்ரீ. ப்ளீஸ், மேடம். ப்ளீஸ்."

ஒரு நிமிடம் இருங்கள் என்றாள் அவள். காகிதங்கள் புரளும் சத்தம். யாரிடமோ கேட்டாள். திரும்பி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

"என்ன சொன்னா?" சாரம்மாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னான்னு சொல்லுங்களேன்!"

"இனிமே தேவையில்லயாம்."

"எது தேவையில்ல? ஒங்க சம்மதமா? இல்ல, வைத்தியமே தேவையில்லயா?"

"அதக் கேக்கதுக்குள்ள லைன் போயிட்டு." கண்ணீர் மீசையில் இறங்கியது.

"அண்ணாச்சி, திருப்பிப் போடுங்க" என்றாள் டார்லின், லைனில் இருந்த மகேஸ்வரனிடம். "இந்தத் தடவ நான் பேசுதேன்."

மறுபடியும் அரபிக் குரல். மறுபடியும் அந்த இசை. சாரம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் எடுத்ததும் டார்லின் தன் பெயரைச் சொன்னாள், மனைவி என்றாள். பிறகு, வேறு அர்த்தம் வராத ஒரு சொல்லாக யோசித்துக் கேட்டாள்.

"கிங்ஸ்லி... அலைவ்?"

"எஸ்" என்றது அந்தக் குரல். "அலைவ். பட் நாட் அவேக்."

அவசரமாகத்தான் பேசினாள். ஆனால் டார்லின் திரும்பத் திரும்பக் கேட்டதும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வீட்டிலிருந்து சம்மதம் வராததால் காத்திருந்தார்கள். நிலைமை மோசமானதும் டாக்டர்களே கூடி முடிவெடுத்து அடைப்பைத் திறந்துவிட்டார்கள். அந்தக் காத்திருப்பு கெடுத்ததா, கப்பலிலேயே கெட்டுவிட்டதா, இப்போது சொல்ல முடியாது. மூச்சுக்குக் குழாய் போட்டுத் தூங்கவைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். விழிக்கலாம். விழித்தாலும் ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் உடனே வந்தால் நல்லது.

டார்லின் போனை வைத்தாள். தரையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருக்காவ அத்தே. உசுரோட இருக்காவ. இன்னும் முழிக்கல. யாராவது ஒருத்தர் வரணுமாம்."

சாரம்மாள் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் தடவினாள். சொன்னது முழுவதும் விளங்கியதோ இல்லையோ, முதல் இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, "இருக்கான், இருக்கான்" என்று முனகினாள்.

"நான் போறேன்." தேவசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகேஸ்வரன்ட்ட சொல்லு. இன்னைக்கே டிக்கெட் போடச் சொல்லு. நான் போயி அவன் கால்மாட்டுல இருக்கேன்."

"இல்ல மாமா."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அவிய கண்ணத் தெறந்தா மொதல்ல யார் மொகத்தப் பாக்கணும்னு இனிமே நீங்க முடிவு பண்ண வேண்டாம். நாந்தான் போவேன்."

தேவசிகாமணி மனைவியின் பக்கம் திரும்பினார், அவளாவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று.

சாரம்மாள் எழுந்து உள்ளே போனாள். பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். டார்லினின் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினாள்.